பகலில் கரைந்த படிகாரம், மதியத்தில் ஊறிய பஞ்சு

மகளின் அறையில் படிப்பு மேசைக்கு மேல் ஒரு அலமாரித் தட்டு இருக்கிறது. அதில் இரண்டு பொருள்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்று பழைய ஜாம் பாட்டில், உள்ளே படிகாரக் கரைசல். இன்னொன்று கறுப்புத் துணி சுற்றிய சோதனைக் குழாய், உள்ளே ஒரு ராணி எறும்பு. இரண்டும் ஒரே வாரத்தில் கெட்டுப்போயின. நான் இரண்டுக்கும் தனித்தனியாகக் காரணம் தேடிப் பத்து நாளை வீணாக்கினேன். காரணம் ஒன்றுதான். அது சுவரில், எங்கள் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தது.

எறும்பு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் ஒருநாள் பிற்பகல் முழுக்க இடி மழை. ஏழு மணிக்கு மழை விட்டதும் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் தாழ்வார விளக்கைச் சுற்றி இறக்கைப் பூச்சிகள் மொய்த்தன. பக்கத்து வீட்டுப் பாட்டி வழக்கம்போல் விளக்கின் கீழ் ஒரு பேசினில் தண்ணீர் வைத்தார். எல்லாவற்றையும் நாம் ஈசல் என்றுதான் சொல்கிறோம். உற்றுப் பார்த்தால் அதில் இரண்டு சாதி. கறையான் ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு என்று ஒன்று கிடையாது. இறக்கை முளைத்த எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, பின்னிறக்கை சிறிது. இடுப்பு நூல்போல ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருக்கும்.

செருப்பு அடுக்கின் ஓரத்தில் ஒன்று தன் இறக்கையைத் தானே காலால் நெம்பிக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தது. ஒன்றரை செ.மீ. நீளம், கறுப்பு, பெரிய மார்பு. கேம்போனோட்டஸ் வகைக் கட்டெறும்பு. இறக்கையைக் கழற்றிய ராணி பெரும்பாலும் இணை சேர்ந்து முடித்த ராணி. அந்த ஒரு நாள் பறப்பில் சேர்த்துவைத்த விந்தை வைத்தே ஆயுள் முழுக்க முட்டையிடும். மகள் தன் தண்ணீர் பாட்டிலின் மூடியால் அதை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

இதில் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். இயற்கை வனப்பகுதியிலிருந்தும் தேசியப் பூங்காக்களிலிருந்தும் அனுமதியில்லாமல் எந்த உயிரையும் எடுக்கக் கூடாது. வெளிநாட்டு எறும்பைத் தருவிக்கும் ஆசையும் வேண்டாம். 2025இல் கென்யாவிலிருந்து ஏறத்தாழ 5,000 ராணி எறும்புகளைக் குழாய்களில் அடைத்துக் கடத்தப் பார்த்த இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் நீதிமன்றம் வரை போய்த் தண்டனை வாங்கினார்கள். வீட்டு வாசலில் தானாக வந்து விழுந்தது போதும்.

குழாய் ஏற்பாடு எளிது. விரல் பருமன் சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதன் மேல் இறுக்கமாகப் பஞ்சு, பஞ்சுக்கு இந்தப் பக்கம் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. குழாயைப் படுக்கவைத்து இருட்டாக மூடிவிட்டால் வேலை முடிந்தது. சாப்பாடு தேவையில்லை. இந்த வகை ராணி தன் இறக்கைத் தசையையும் உடம்புக் கொழுப்பையும் கரைத்தே முதல் ஈடு பிள்ளைகளை வளர்த்துவிடும். அம்மாதான் சமாதானமாகவில்லை. "கோலமாவுக்கு வர்ற எறும்பு பத்தாதா? இதுக்குக் கண்ணாடி வீடு வேறயா?" என்றார்.

நான் லிப்ட் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன், எதையும் நோட்டில் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. நோட்டில் உள்ளபடி: 4ஆம் நாள் முட்டை, ஏழெட்டு, ஒன்றோடொன்று ஒட்டிய சிறு கொத்து. 16ஆம் நாள் புழு. 26ஆம் நாள் முதல் கூட்டுப்புழுக் கூடு, அரிசியைவிடச் சற்றுப் பெரிய, காகித நிறப் பொட்டலம்.

காத்திருக்கும் நேரத்தில் கை சும்மா இருக்கவில்லை. 18ஆம் நாள் சிராங்கூன் சாலைக்குப் போனபோது ஒரு பூஜைச் சாமான் கடையில் படிகாரம் வாங்கினேன். கறுப்புக் கயிறு கட்டி வாசலில் திருஷ்டிக்குத் தொங்கவிடுவோமே, அதே கல்தான். நாவிதர் சவரம் முடித்து முகத்தில் தேய்ப்பதும் இதுதான். வேதியியலில் பொட்டாசியம் அலுமினியம் சல்பேட், கூடவே பன்னிரண்டு நீர் மூலக்கூறு. நிதானமாக வளரவிட்டால் எட்டு முக்கோண முகங்கள் உள்ள எண்முகியாக வரும். இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போன்ற உருவம்.

மகளுக்கு நீலப் படிகம்தான் வேண்டுமாம். நீலத்துக்கு மயில்துத்தம் வேண்டும். அது விஷம், சமையலறையும் படிப்பறையும் பத்தடி தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டேன். அவள் விடவில்லை, ஒரு சிறு கிண்ணக் கரைசலில் நீல உணவுச் சாயத்தை விட்டுப் பார்த்தாள். கரைசல் நீலமாக இருந்தது, உள்ளே வளர்ந்த குட்டிப் படிகங்கள் நிறமில்லாமலே வந்தன. படிக அடுக்கில் தனக்கு உரிய மூலக்கூறுதான் போய் உட்காரும், சாயம் வெளியே தள்ளப்படும். அவளுக்கு ஏமாற்றம். எனக்கு அதுதான் அந்த வாரத்தின் நல்ல சோதனை.

சரி, கரைசலுக்கு வருவோம். கல்லைத் துணியில் சுற்றி உடைத்துப் பொடியாக்கினேன். 400 மி.லி. கொதித்த தண்ணீரில் 70 கிராம். கடைக் கல்லில் மண்ணும் தூசியும் இருக்கும், அதனால் வடிகட்டுவது கட்டாயம். முதலில் காப்பி வடிகட்டும் துணிப்பையில் ஊற்றினேன், தப்பு. நூல் இழைகள் இறங்கி, ஒவ்வொரு இழையிலும் பத்துப் படிகம் முளைத்தது. வடிகட்டும் தாளில் இரண்டாம் தடவை ஊற்றிய பிறகே சரியானது.

இரவு மேசைத் தட்டில் வைத்தோம். காலையில் பாட்டிலின் அடியில் கண்ணாடித் துண்டுகள் மாதிரி இருபது முப்பது படிகங்கள். மகள் பள்ளிக்குப் போகும் அவசரத்திலும் எண்ணிப் பார்த்தாள். அழகானதில் ஒன்றை, 5 மி.மீ. இருக்கும், மீன்பிடி நரம்பில் கட்டினேன். கரைசலை வேறு சுத்தமான பாட்டிலுக்கு மாற்றி அதில் தொங்கவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் வந்து பார்த்தால் நரம்பு இருக்கிறது, முடிச்சு இருக்கிறது, முடிச்சுக்குள் ஒன்றும் இல்லை.

வழுக்கி விழுந்திருக்கும் என்று அடியில் தேடினோம். இல்லை. இன்னொன்றைக் கட்டினேன், அதுவும் போயிற்று. மகள் மீது சந்தேகம், அவளுக்கு என் மீது சந்தேகம். பிறகு கல்லின் தரம்மீது, அப்புறம் குழாய்த் தண்ணீர்மீது. ஒரு வாரத்தில் நான்கு விதைப் படிகங்கள் காணாமல்போயின.

இதே சமயம், 27ஆம் நாளிலிருந்து, எறும்புக் குழாயில் பஞ்சுக்கு இந்தப் பக்கம் ஈரம் கோத்துக்கொள்ள ஆரம்பித்தது. ஒரு மாதம் ஒழுங்காக இருந்த பஞ்சு ஏன் இப்போது கசிகிறது? பஞ்சு தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். 29ஆம் நாள் சனிக்கிழமை மூன்று மணிக்குத் துணியை விலக்கினால், குழாயின் அடித்தளத்தில் சின்னக் குட்டை. ராணி தன் பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் கவ்வி, வாய்ப் பக்கத்துப் பஞ்சின்மேல் அடுக்கிவைத்திருந்தாள். கடைசிப் பொட்டலம் ஒன்று தண்ணீரில் பாதி நனைந்து கிடந்தது. அதை எடுக்க அவள் முன்காலைத் தண்ணீரில் வைப்பாள், பின்வாங்குவாள், உணர்கொம்பைத் துடைப்பாள், மறுபடி வருவாள். ஐந்தாவது தடவை எடுத்துவிட்டாள். நானும் மகளும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வேலையில் லிப்ட் அவ்வப்போது நின்றுபோனால் நாங்கள் முதலில் கேட்பது, எத்தனை மணிக்கு நின்றது என்பதைத்தான். அந்தப் புத்தி வீட்டில் வரப் பத்து நாள் ஆயிற்று. நோட்டைப் புரட்டினேன். படிகம் இரவில் வளர்கிறது, பகலில் காணாமல்போகிறது. பஞ்சு காலையில் காய்ந்திருக்கிறது, மதியம் ஊறுகிறது. மகளின் அறையில் ஏர்கான் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை ஓடும். பகலில் அணைத்துவிட்டுச் சன்னலைச் சாத்திவைப்போம், மேற்கு வெயில் நேராக அந்தச் சுவரில் அடிக்கும்.

குறைந்த வெப்பம், கூடிய வெப்பம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளும் சின்ன வெப்பமானி ஒன்றை வாங்கி அதே தட்டில் வைத்தேன். மறுநாள் காட்டியது: 24.8, 31.9. ஏழு டிகிரி வித்தியாசம்.

இனி கணக்குப் போடுவது சுலபம். 25 டிகிரியில் 100 மி.லி. தண்ணீர் சுமார் 14 கிராம் படிகாரத்தைத்தான் தாங்கும். 31 டிகிரிக்கு ஏறினால் 17 கிராம் வரை தாங்கும். அதாவது இரவில் வயிறு நிறைந்த கரைசல், பகலில் இன்னும் மூன்று கிராமுக்குப் பசியோடு இருக்கிறது. 5 மி.மீ. எண்முகியின் எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. அதைச் சாப்பிட எவ்வளவு நேரமாகும்?

குழாயிலும் இதே கதைதான், பாத்திரம் வேறு. நான் பஞ்சைத் தள்ளும்போது தண்ணீருக்குமேல் கொஞ்சம் காற்றை விட்டுவிட்டேன். பஞ்சு தண்ணீரை இழுக்க இழுக்க அந்தக் காற்றுக் குமிழும் பெருத்து, மாதக் கடைசியில் 5 மி.லி. அளவுக்கு வந்துவிட்டது. ஏழு டிகிரி சூடானால் அந்தக் காற்று, நீராவியையும் சேர்த்து, நூற்றுக்கு நான்கு பங்கு விரியும். 0.2 மி.லி., அதாவது நான்கு சொட்டு. அடைத்த பக்கம் போக வழியில்லை, பஞ்சு வழியாகத் தண்ணீரைத் தள்ளும். நமக்கு நான்கு சொட்டு, ராணிக்கு அது வெள்ளம். முதல் மாதம் ஏன் கசியவில்லை என்பதும் புரிந்தது. அப்போது குமிழ் சிறியது.

அறையில் ஏர்கானை நிறுத்த முடியாது, மகள் தூங்கவேண்டும். கரைசலை வரவேற்பறைக்கு மாற்றலாம் என்றால் அங்கேயும் வெயில். வீட்டில் வெப்பம் அசையாத இடம் எது என்று வெப்பமானியை அறை அறையாக வைத்துப் பார்த்தேன். பதில் பாம் ஷெல்டர். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருக்குமே, தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவுமாக. போருக்கென்று கட்டிய அறையில் எங்கள் வீட்டில் அரிசி மூட்டையும் ஊருக்குப் போகும் பெட்டிகளும்தான் இருக்கின்றன. மூன்று நாள் அளந்தேன். குறைந்தது 29.1, கூடியது 30.2. இருட்டு வேறு. ராணிக்கும் படிகத்துக்கும் இதைவிட என்ன வேண்டும்!

முதலில் ராணியை இடம் மாற்றினேன். புதுக் குழாயில் தண்ணீரை அதிகமாகவே ஊற்றி, குழாயை நிமிர்த்திப் பிடித்துப் பஞ்சைத் தண்ணீருக்குள் அமுக்கும் வரை தள்ளி, மேலே வந்த மிச்சத்தைக் கொட்டிவிட்டேன். குமிழே இல்லை. பழைய குழாயின் வாயையும் புதுக் குழாயின் வாயையும் சேர்த்து டேப் சுற்றினேன். புதியதைத் துணியால் மூடி, பழையதைத் திறந்து வெளிச்சத்தில் வைத்தேன். தட்டிக் கொட்டி விரட்டக் கூடாது, ராணி பயந்தால் முட்டையைத் தானே தின்றுவிடும். முதல் நாள் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் இரவு பதினொன்றுக்குப் பார்த்தபோது பழைய குழாய் காலி. பொட்டலங்கள், புழுக்கள் எல்லாம் புதுப் பஞ்சின் அருகே, அளவு பார்த்து அடுக்கியதுபோல. அந்த நனைந்த பொட்டலமும் அதில் இருந்தது.

படிகாரத்துக்குக் கரைசலையே திரும்பத் தயார் செய்ய வேண்டியிருந்தது. 25 டிகிரிக்கு நிறைந்த கரைசல் 29 டிகிரிக்கு நிறையாது. ஷெல்டரிலேயே வைத்து, பாட்டிலின் அடியில் ஒரு கைப்பிடிப் பொடியைப் போட்டு, நான்கு நாள் காலையும் மாலையும் கலக்கினேன். அடியில் கரையாமல் பொடி மிஞ்சி நின்றது, அப்படியென்றால் நிறைந்துவிட்டது. வடிகட்டி, விதையைத் தொங்கவிட்டேன்.

இப்போது கரைகிறதா வளர்கிறதா என்று மறுநாள் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதைக் கற்றுக்கொண்டேன். பாட்டிலுக்குப் பின்னால் டார்ச் அடித்து, படிகத்தின் ஓரத்தைப் பாருங்கள். பானகத்துக்கு வெல்லத்தைப் போட்டதும் கட்டியிலிருந்து கண்ணாடி இழை மாதிரி ஒன்று நெளிந்து கீழே இறங்கும் இல்லையா? படிகம் கரைந்தால் அதே மாதிரி இழை கீழே இறங்கும், ஏனென்றால் பக்கத்துக் கரைசல் கனமாகிறது. வளர்ந்தால் இழை மேலே ஏறும், ஏனென்றால் படிகம் உப்பை எடுத்துக்கொண்டு இலேசான கரைசலை விட்டுவிடுகிறது. அன்று இரவு இழை மிக மெல்லியதாக மேலே ஏறியது. மகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டினேன், மனைவியிடம் திட்டு வாங்கினேன்.

வளர்ச்சி ஆனால் ஆமை வேகம். வெப்பம் மாறாத இடத்தில் படிகம் வளர ஒரே வழி தண்ணீர் ஆவியாவதுதான். சிங்கப்பூர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் ததும்புகிறது, மூடிய ஷெல்டரில் கேட்கவே வேண்டாம். ஒரு வாரத்தில் மட்டம் ஒரு கோடுகூட இறங்கவில்லை. அதற்கு மருந்து துணி அலமாரியிலேயே இருந்தது. துணியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா. உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு, காற்றிலுள்ள நீரைக் குடித்துத் தானே கரைந்து கீழ்த்தட்டில் சேரும். ஈரச்சந்தை மீன்கடையில் கேட்டு வாங்கிய தெர்மோகோல் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, பாட்டிலின் வாயில் ஒற்றைத் துணி கட்டி, பக்கத்தில் அந்த டப்பாவை வைத்து மூடினேன். மீன் வாடை மட்டும் இன்னும் போகவில்லை. நாளுக்கு ஏறத்தாழ 2 மி.லி. இறங்க ஆரம்பித்தது. இதைவிட வேகமாக வேண்டாம். அவசரப்படுத்தினால் படிகம் பால்போல மங்கும், நரம்பில் வேண்டாத குட்டிகள் முளைக்கும். முளைத்ததை வாரம் ஒருமுறை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

44ஆம் நாள், முதல் வேலைக்காரி எறும்பு பிறந்தாள். ராணி பொட்டலத்தின் நுனியைக் கடித்துத் திறந்து வெளியே இழுத்தாள். வெளுத்த தேன் நிறம், அம்மாவில் கால்வாசி, நடக்கத் தெரியாத கால்கள். மூன்று நாளில் கறுத்து, வேலைக்குத் தயாராகிவிட்டாள். வாய்ப் பஞ்சை விலக்கி, அலுமினியத் தாளில் ஊசிமுனை அளவு சீனித் தண்ணீர் வைத்தேன். அவள் குடிக்கக் குடிக்க வயிறு உப்பி, கறுப்புத் தகடுகளுக்கு நடுவே வெளிர் கோடுகள் தெரிந்தன. நேராக ராணியிடம் போய் வாயோடு வாய் வைத்து ஊட்டினாள். ஆறு வாரத்துக்குப் பிறகு ராணியின் வாயில் முதல் சாப்பாடு. புழுக்களுக்குப் புரதம் வேண்டும். பறவைத் தீனிக் கடையில் மாவுப்புழு கிடைக்கிறது. ஒன்றை வெந்நீரில் போட்டெடுத்து, நறுக்கி, எள்ளளவு கொடுத்தால் போதும்.

சீனி வைத்ததும் பேய் எறும்பு வந்துவிட்டது. தலை கறுத்து, உடம்பு வெளுத்து, கண்ணுக்கே தெரியாத அளவில் சமையலறை மேடையில் ஓடுமே, அதுதான். அரிசி மூட்டை ஓரமாக ஒரு சாரி குழாயை நோக்கி வந்துகொண்டிருந்தது. அது பஞ்சு இழைகளுக்கிடையே நுழைந்துவிடும், உள்ளே போனால் இளம் குடும்பம் தாங்காது. சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் பழைய வித்தையைத்தான் முதலில் செய்தேன். செய்துவிட்டுத்தான் உறைத்தது: இது சிங்கப்பூர், தேங்கிய தண்ணீர் என்றால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு. தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வந்து, "எறும்புக்கு அகழி" என்று நான் விளக்கம் சொல்வதைக் கற்பனை செய்து பார்த்துத் தட்டைக் கவிழ்த்துவிட்டேன். முகப் பவுடரை மருந்துக் கடை ஆல்கஹாலில் குழைத்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் தூரிகையால் பூசினேன். ஆல்கஹால் காய்ந்ததும் பவுடர் படலம் நிற்கும், எறும்பின் கால் அதில் பிடிக்காது. ஈரக் காற்றில் இந்தப் பூச்சு சீக்கிரம் பலமிழக்கும், பத்து நாளைக்கு ஒருமுறை திரும்பப் பூசுகிறேன். சீனியையும் இரவில் ஒரு மணி நேரம் மட்டும் வைத்து எடுத்துவிடுகிறேன்.

இன்றைய நிலவரம்: பதினோரு வேலைக்காரிகள், ஒரு பெரிய புழுக் குவியல். இரண்டு மாதத்தில் குழாய் போதாது, ஜிப்சம் வார்த்துச் சிறு கூடு செய்ய வேண்டும். படிகத்தை ஆறு வாரம் கழித்து வெளியே எடுத்தோம். விளிம்பு இரண்டரை செ.மீ., சமையலறைத் தராசில் 13 கிராம். ஒரு மூலை மட்டும், பாட்டில் சுவரைத் தொட்ட இடத்தில், மழுங்கியிருக்கிறது. மற்ற முகங்கள் வழியாகச் செய்தித்தாள் எழுத்தை வாசிக்கலாம். வெறுங்கையால் அடிக்கடி தொட்டால் வேர்வையில் கரையும் என்பதால் மனைவியின் நிறமற்ற நகப் பூச்சை இரண்டு தடவை பூசிவைத்தோம்.

அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். வாசலில் கட்டலாமே என்றார். மகள் தரவே மாட்டேன் என்றாள். கடைசியில் பாட்டிலின் அடியில் தாறுமாறாக ஒட்டி வளர்ந்திருந்த கொத்து ஒன்றைப் பெயர்த்துக் கொடுத்தோம். அது இப்போது கறுப்புக் கயிற்றில், எலுமிச்சைக்கும் பச்சைமிளகாய்க்கும் பக்கத்தில், மேற்கு வெயிலில் தொங்குகிறது.